குடியிருப்போர் மன்றத்தை யார் நடத்துவது: முன்வருபவர்களா, முறை வருபவர்களா?

விளக்கொளி:
எங்கள் குடியிருப்போர் மன்றத்தை ஒன்பது ஆண்டுகளாக அதே மூன்று பேர்தாம் ஊதியம் ஏதுமின்றி நடத்தி வருகிறார்கள். சென்ற பொதுக்குழுவில் செயலாளர் தமக்கு ஓய்வு வேண்டும் என்று கேட்டார். அடுத்து யார் பொறுப்பேற்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரு கையும் உயரவில்லை. கடைசியில் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்துக் கைதட்டினோம். நானும் கைதட்டினேன், வீடு திரும்பும்போது அது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே ஒரு மாற்றத்தை முன்வைக்கிறேன். வீட்டுக்கு ஒரு பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு, செயற்குழுவினரை ஓராண்டுக்குத் தேர்ந்தெடுப்போம்; ஒருமுறை பணியாற்றியவருக்கு அடுத்த மூன்றாண்டுகள் விலக்கு அளிப்போம். இது நமக்குப் புதிதன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) இதைத்தான் சொல்கின்றன: 30 குடும்புகள் (ஊரின் வட்டாரங்கள்), ஓலையில் எழுதிக் குடத்தில் இட்ட பெயர்கள், 360 நாள் பொறுப்பு, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் (ஊர்ச்சபையின் செயற்குழுவில்) இருந்தவருக்குத் தடை. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியை நாம் இன்றும் எண்ணிப் பார்க்கலாம்.

கல்தூண்:
உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தீர்வை ஏற்க முடியவில்லை. நீங்கள் காட்டிய அதே கல்வெட்டில் வேறு விதிகளும் இருக்கின்றன. வரி செலுத்தும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் இருந்தால்தான் ஒருவர் பெயர் ஓலையில் ஏறும். ஊரில் பெரும்பாலோர் குடத்துக்கு வெளியே நிற்க, தகுதி வரையறுக்கப்பட்ட சிறு கூட்டத்துக்குள் நடந்த குலுக்கலை எல்லோருக்கும் பொதுவான கடமைக்கு முன்மாதிரியாகக் கொள்ள இயலாது.

அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. குலுக்கலில் பெயர் வந்தவர் மறுத்தால் என்ன செய்வீர்கள்? தண்டம் விதிப்பீர்களா? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் 10 காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வை யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற பொருளியலாளர் இருவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் தண்டம் விதித்தபோது, தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இருமடங்கானது. தண்டத்தை நீக்கிய பிறகும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், பணம் கட்டியதும் அதைத் தாம் வாங்கிய சேவையாகக் கருதிவிட்டார்கள். மன்றப் பணியிலும் இதுவே நேரும். இன்று தாமாக முன்வரும் அந்த மூன்று பேரின் மனத்தையும் அதோடு இழந்துவிடுவோம்.

மூன்றாம்தெரு:
எழுத்து வேலைக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திவிட்டு, முடிவெடுக்கும் உரிமையை மட்டும் குடியிருப்போர் வைத்துக்கொள்ளலாமே? சந்தா சற்று உயரும். ஆனால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்காது.

முன்னாள் பொருளாளர்:
இப்போதைய மூவருக்கு முன்பு ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஆள் வைப்பது ரசீது போடவும் கடிதம் எழுதவும் உதவும். ஆனால் அந்த ஊழியரின் வேலையைச் சரிபார்ப்பதும், ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளிகளை ஒப்பிடுவதும், இரண்டு வீட்டாரின் தண்ணீர்த் தகராற்றைப் பேசித் தீர்ப்பதும் மீண்டும் நம்மிடமே வந்து சேரும்.

நான் விலகியதற்கு வேலைப்பளு மட்டும் காரணமன்று. அந்த வேலைக்கு எல்லையே இல்லாமல் போனதுதான் பெரிய காரணம். பொருளாளர் என்ற பெயரில் தொடங்கிய நான் இரண்டே ஆண்டுகளில் மின்தூக்கி நின்றால் அழைக்கப்படுபவளாகவும், குப்பை அள்ளாத நாளில் திட்டு வாங்குபவளாகவும், இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்லக் கடமைப்பட்டவளாகவும் ஆகியிருந்தேன். இவற்றுள் எதுவும் துணைவிதிகளில் இல்லை. ஒருமுறை செய்து கொடுத்தது வழக்கமாயிற்று, பிறகு உரிமையாயிற்று. இத்தனையும் என் தலையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எவரும் அடுத்து அந்த நாற்காலியில் அமர அஞ்சினார்கள் என்றால், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் பங்குத் தவறும் இதில் உண்டு. வங்கிக் கணக்கின் விவரம், பராமரிப்பு ஒப்பந்தங்கள் முடியும் நாள், எந்த வீட்டுக்கு எவ்வளவு நிலுவை என்பதெல்லாம் என் தொலைபேசியிலும் என் நினைவிலும்தான் இருந்தன. பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய நாளில், புதியவரிடம் கொடுக்க ஒழுங்கான கோப்பு ஒன்றுகூட இல்லை. அவர் நான்கு மாதங்களில் விலகினார். அவரைத் திறமையற்றவர் என்று பலரும் பேசியபோது நான் வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, குலுக்கலா தன்னார்வமா என்பதற்கு முன்பு வேலையைப் பிரியுங்கள் என்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது ஒருவர், நிலுவைப் பட்டியல் ஒருவர், ஒப்பந்தக் கோப்பு ஒருவர், குறைகளைப் பதிவு செய்வது ஒருவர். ஒவ்வொருவருக்கும் பக்கத்திலிருந்து பழகும் ஒரு துணை. மாதத்துக்கு மூன்று மணி நேரம் என்று அளந்து சொன்னால் வருபவர்கள், "செயலாளராக இருங்கள்" என்றால் வர மாட்டார்கள்.

விளக்கொளி:
அம்மா, உங்கள் பதிவை இருமுறை படித்தேன். வேலையைப் பிரிக்க வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆயினும் கல்தூண் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கல்வெட்டு பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது என்கிறீர்கள். உண்மை. நம்முடைய தன்னார்வ முறை யாரையும் வெளியே நிறுத்தவில்லையா? இந்த ஒன்பது ஆண்டுகளில் செயற்குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர் ஒருவர்கூட இல்லை. இரவுப் பணிக்குச் செல்பவர் இல்லை. கைக்குழந்தை உள்ள தாய் இல்லை. கூட்டம் எப்போதும் மாலை ஏழு மணிக்கு. அடுப்படியிலிருந்து விடுபட முடியாதவர்களுக்கு அது கதவடைப்பே ஆகும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லும் அமைப்பு, ஓய்வு நேரம் உள்ளவர்களின் அமைப்பாக மெல்ல மாறுகிறது. யாரும் அதைத் திட்டமிடவில்லை என்பதாலேயே யாரும் அதற்குப் பொறுப்பேற்பதும் இல்லை.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்ணியச் செயற்பாட்டாளர் ஜோ ஃப்ரீமன் தம் இயக்கத்தின் சிறு குழுக்களைப் பற்றி இதையொத்த கருத்தை எழுதினார். முறையான அமைப்பு இல்லாத குழுவிலும் தலைமை உருவாகிறது; அது நட்பு வட்டத்துக்குள் உருவாவதால் அதைக் கேள்வி கேட்க வழியில்லாமல் போகிறது என்பது அவர் வாதம். குலுக்கல் அந்த வட்டத்தை உடைக்கும். வாடகைக்கு இருப்பவரின் பெயரும் அந்தக் குடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் முன்மொழிவின் உயிர்.

கல்தூண்:
வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கூட்ட நேரத்தையும் மாற்றலாம். ஆனால் இரவுப் பணிக்குச் செல்பவரின் பெயரைக் குடத்தில் இடுவதால் அவருக்கு நேரம் கிடைத்துவிடாது. வாய்ப்பு என்ற பெயரில் அவர் தோளில் மேலும் ஒரு சுமையை ஏற்றுகிறோம். பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற அமைப்புகளில் விதிகளால் கட்டுப்படுபவர்களே அந்த விதிகளை மாற்றவும் இடம் இருந்தது என்று காட்டினார். அந்தத் தொழிலாளியைக் கேட்காமல் நாம் இங்கே அவருக்காக விதி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம்தெரு:
ஆஸ்ட்ரம் அதே பட்டியலில் விதி மீறுபவர்களுக்குப் படிப்படியான தண்டனையையும் சேர்த்திருக்கிறார். ஆக, தண்டமே கூடாது என்பதற்கு அவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

கல்தூண்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கூடியிருந்து ஏற்ற விதியை மீறியவருக்கான தண்டனை. முடியாத நிலையில் மறுப்பவர் விதியை மீறியவர் ஆக மாட்டார். காரணம் கேட்காமல் மறுக்கும் உரிமையைக் கொடுத்தால் குலுக்கலை எதிர்க்க மாட்டேன். அந்த உரிமை இல்லையென்றால் பொதுக்குழுவில் எதிர்த்தே வாக்களிப்பேன்.

விளக்கொளி:
எல்லோரும் மறுத்துவிட்டால் மீண்டும் அந்த மூன்று பேரிடம்தானே போய் நிற்போம்? மறுக்கும் உரிமை ஒருவருக்கு ஒருமுறை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முன்னாள் பொருளாளர்:
இதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். அதற்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. தற்போதைய செயலாளர் செய்யும் வேலைகள் அனைத்தையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தோடு, அவருடன் உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று இன்று காலை அவரிடம் சொல்லியிருக்கிறேன். நிலுவைப் பட்டியலைப் பழகிக்கொள்ள ஒருவர் உடன் வந்தால் நல்லது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். வாடகைக்கு இருப்பவர்களும் வரலாம்.