மறுமொழி: 'நுண்துளை' வேண்டாம், 'ஒருகீறல்' என்று வைப்போம்

அண்ணாச்சி, நோயாளி கையெழுத்துப் போடுகிற படிவத்துக்காக, ஒரே வெட்டில் செய்கிற லேப்ராஸ்கோப்பிக்கு (வயிற்றுக்குள் கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன்) தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதற்கு நேற்று நீங்கள் போட்ட 'நுண்துளை அறுவை'க்குத் தலையாட்ட எனக்கு மனசு வரவில்லை. லேப்ராஸ்கோப்பி முழுவதுக்கும் பத்திரிகைக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், சரி, அது பழகிவிட்டது. ஆனால் நாம் இப்போது பெயர் தேடுவது தொப்புளில் ஒரே இடத்தில் வெட்டி, சினைப்பைக் கட்டியையோ பித்தப்பையையோ கர்ப்பப்பையையோ எடுக்கிற வகைக்கு. வழக்கமான லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் மூன்று நான்கு இடத்தில் துளை போடுவார்கள், பெரும்பாலும் 5 மில்லிமீட்டர், கேமரா போகிற துளை 10 மில்லிமீட்டர் வரும். ஒரே இடத்தில் செய்யும்போது வெட்டு 2 சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது. எண்ணிக்கை குறைகிறது, அளவு கூடுகிறது. இருக்கிறதிலேயே பெரியதைப் பிடித்து 'நுண்' என்று கூப்பிட்டால் எப்படி?

'ஒருதுளை' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். அதிலும் ஒரு சிக்கல். வெளியே வெட்டு ஒன்றுதான், ஆனால் அதில் பொருத்துகிற மூடிக்குள் மூன்று நான்கு வழி இருக்கும். ஒன்றில் கேமரா, மற்றதில் இடுக்கியும் கத்தரியும். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள், இங்கே மூன்று இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து இணையாகப் போவதால் டாக்டரின் இரண்டு கையும் வெளியே முட்டிக்கொள்ளும், உள்ளே முனைகள் உரசும், அதற்கென்றே வளைந்த கருவிகள் செய்திருக்கிறார்கள். நேரமும் கூடப் பிடிக்கும்.

உண்மையான ஒருதுளை வேறு, அதை நம் அம்மாமார்களுக்குத் தெரியும். 1980களில் குடும்பக்கட்டுப்பாடு முகாம்களில் லேப்ராஸ்கோப்பி செய்தார்களே, அதில் பார்க்கிற குழலும் வளையம் மாட்டுகிற கருவியும் ஒரே குழாயாக ஒரே துளையில் போகும். கருக்குழாயை இப்படி ஒரே துளையில் அடைப்பதை அமெரிக்காவில் வீலெஸ் என்ற டாக்டர் 1969லேயே எழுதிவிட்டார். நாம் பெயர் தேடுகிற வகையில் பித்தப்பையைத் தொப்புள் வழியாக எடுத்ததை இத்தாலியில் நவர்ரா என்ற டாக்டர் 1997ல்தான் எழுதினார். கருக்குழாய் அடைக்கிற அந்தப் பழைய முறைக்கு 'ஒருதுளை'யை விட்டுவிடுவோம், இதற்கு 'ஒருகீறல்' வைப்போம் என்பதுதான் என் கட்சி.

'தழும்பில்லா அறுவை' பற்றி அதிகம் பேச வேண்டாம். அது பஸ் ஸ்டாண்ட் போர்டில் எழுதுகிற பெயர். தழும்பு இருக்கத்தான் செய்கிறது, தொப்புள் மடிப்புக்குள் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் பிறகு குடலிறக்கம் வருகிற வாய்ப்பும் கொஞ்சம் உண்டு என்பதால் படிவத்தில் பொய்யான பெயர் இருக்கக்கூடாது. கொழும்பு நண்பர் தந்த 'சாவித்துவாரம்' அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. இங்கே அதைச் சொன்னால் பூட்டைத்தான் நினைப்பார்கள்.

'கீறல் என்றால் பூனை கீறினது போல இருக்கிறதே' என்று சென்னை நண்பர் கட்டாயம் கேட்பார். எங்கள் பக்கம் மீன்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுத் தருவார். கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் டாக்டர் சாமர்வெல், எவரெஸ்ட் ஏறப்போனவர், வயிற்றுப்புண்ணுக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லும்போது 'வயித்தக் கீறி' என்றுதான் சொல்வாள். இந்த வேலைக்கு அது புதுச் சொல் இல்லை.

ஒருகீறல் வந்தால், பல இடத்தில் வெட்டுகிற வழக்கமான வகைக்குப் பல்கீறல் தானாக வருகிறது. வயிற்றில் கீறல் இல்லாமல் பிறப்புறுப்பு வழியாகவே போகிற முறைக்குக் கீறலிலி. நுண்துளையிலிருந்து இப்படி எதுவும் கிளைக்காது. பெயரில் பின்னால் வருகிற 'லேப்ராஸ்கோப்பி'க்கு 'அகநோக்கு' போதும். லாபரா என்ற கிரேக்கச் சொல்லுக்கு விலா எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதி என்று பொருள், நம் 'அள்ளை'. அள்ளைநோக்கு என்று வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் கருவி தொப்புளில் போகும்போது அள்ளையை ஏன் இழுக்க வேண்டும்.

படிவத்தில் 'தொப்புளில்' என்று இடத்தையும் எழுதியே ஆக வேண்டும். போன மாதம் மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, சினைப்பைக் கட்டி. டாக்டர் ஒரு துண்டுத் தாளில் வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மைனிக்குப் புரிந்தது. கூட வந்த அவள் அம்மாதான் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'பொக்கிள்ல கீறினா உள்ள கொடி அறுந்து போவாதா டாக்டரே?' என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை, அந்தக் கொடி பிறந்த அன்றைக்கே அறுத்ததுதான் அம்மா என்றார். அப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

ஆகவே என் முன்மொழிவு: ஒருகீறல் அகநோக்கு அறுவை, அடைப்பில் 'தொப்புள் வழி'. பேச்சில் ஒருகீறல். ஒற்றைக்கீறல் என்றும் வைக்கலாம், ஆனால் ஒற்றைத் தலைவலி ஞாபகத்துக்கு வந்து, பாதிப் பக்கம் மட்டும் கீறுவார்களோ என்று யாராவது கேட்பார்கள்.

கருவி போகிற அந்த 'போர்ட்'டுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. கடற்கரை ஊரான குளச்சல்காரரிடம் போர்ட் என்றால் கப்பல்தான் நினைவுக்கு வரும். 'நுழைவாய்' என்று குறித்து வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், படிவம் அச்சுக்குப் போகிறது.