மின்ட்டில் பாஸ்வேர்டு போட்டாலும் லாகின் திரைக்கே திரும்புகிறது, டிஸ்க் நிரம்பிவிட்டது

மலர் டிடிபி, பெரியகுளம்:
வணக்கம். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடை என்னுடையது. லினக்ஸ் மின்ட் 21.3 சின்னமன், 120 ஜிபி எஸ்எஸ்டி, எல்லாம் ஒரே பார்ட்டிஷன். நேற்று மாலை டிஸ்கில் இடம் குறைவு என்று ஓர் அறிவிப்பு வந்தது. இன்று காலை பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடியும் லாகினுக்கே வருகிறது. தவறான பாஸ்வேர்டு என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர்களின் ஸ்கேன்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஒரு விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போடு என்கிறான் தம்பி. எனக்கு அதில் இஷ்டமில்லை. உள்ளே போக வழி உண்டா?

கதிர்:
அக்கா, எதையும் அழிக்க வேண்டாம். டிஸ்கில் துளி இடம்கூட இல்லாவிட்டால் லாகின் செய்யும்போது உங்கள் ஹோமில் (உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டர்) எழுத வேண்டிய சின்னச் சின்னக் கோப்புகளை எழுத முடியாது. அதனால்தான் திருப்பி அனுப்புகிறது.

லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள் (பாஸ்வேர்டு அடிக்கும்போது எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம்). பிறகு 'சூடோ ஏபிடி கிளீன்' (sudo apt clean) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். இறக்கி வைத்திருக்கும் பழைய பேக்கேஜ் கோப்புகள் மட்டும் போகும், உங்கள் கோப்பு எதையும் தொடாது. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7. வழக்கம்போல் லாகின் செய்து பாருங்கள்.

மலர் டிடிபி:
உள்ளே வந்துவிட்டேன் தம்பி, ரொம்ப நன்றி! விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டேன். ஆனால் 2 ஜிபிதான் கிடைத்திருக்கிறது. டிஸ்க் யூசேஜ் அனலைசரில் என் ஹோம் 38 ஜிபி என்று காட்டுகிறது. மீதி எல்லாம் எங்கே போயிற்று?

ராஜன், மட்டக்களப்பு:
பழைய கெர்னல்களை (லினக்ஸின் மையப் பகுதி, அப்டேட்டில் புதிது வந்தாலும் பழையது தங்கிவிடும்) பாருங்கோ. அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குள்ளே லினக்ஸ் கெர்னல்ஸ் என்று இருக்கும். இப்போது ஓடுகிறதையும் அதற்கு முந்தினது ஒன்றையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடலாம். புதுக் கெர்னலில் வைஃபை வேலை செய்யாமல் போனால் அந்த முந்தினதுதான் கைகொடுக்கும். டைம்ஷிஃப்டையும் (சிஸ்டத்தை அவ்வப்போது ஸ்னாப்ஷாட்டாக, அதாவது அன்றைய நிலையின் பிரதியாக, எடுத்து வைக்கிற செயலி) நிறுத்தி, அது எடுத்து வைத்ததை அழித்துவிட்டால் இடம் தாராளமாக வரும்.

கதிர்:
கெர்னல் விஷயத்தில் ராஜன் அண்ணன் சொல்வது சரி. ஆனால் டைம்ஷிஃப்டை நிறுத்த வேண்டாம். ஓர் அப்டேட் சொதப்பினால் கடையை அன்றைக்கே திறக்க வைப்பது அதுதான்.

அக்கா, டைம்ஷிஃப்டைத் திறந்து செட்டிங்ஸில் யூசர்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரே எது தேர்வாகியிருக்கிறது?

மலர் டிடிபி:
'இன்க்ளூட் ஆல் ஃபைல்ஸ்' என்று இருக்கிறது. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் அப்படி வைத்திருக்கிறார்.

கதிர்:
இடம் போன வழி அதுதான். தானாக வரும் அமைப்பில் ஹோம் சேராது. ஸ்னாப்ஷாட்டில் மாறாத கோப்பு மறுபடி இடம் பிடிப்பதில்லை, பழைய பிரதியையே ஹார்டு லிங்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் உங்கள் கடையில் தினமும் புது ஸ்கேன்கள் வருகின்றன. வேலை முடிந்ததும் அவற்றை நீங்கள் அழித்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குள் அவை அப்படியே இருக்கும்.

இடத்தை விட எனக்கு இதுதான் கவலை. ஒருவர் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் நம்பிக் கொடுக்கிறார், நீங்களும் அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்கிறீர்கள். ஆனால் டிஸ்கில் அது கிடக்கிறது. இன்னொன்று: நாளை ஏதோ கோளாறு என்று போன வார ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் ஹோமும் போன வாரத்துக்கே போய்விடும், அதற்குப் பின் செய்த வேலை எல்லாம் காணாமல் போகும்.

அதனால் முதலில் அந்த இடத்தில் 'எக்ஸ்க்ளூட் ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். மாற்றினாலும் ஏற்கெனவே எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளில் ஹோம் இருக்கத்தான் செய்யும். ஆகவே புதிதாக ஒன்று எடுத்து, அது முழுதாக முடிந்ததைப் பார்த்துவிட்டுப் பழையவற்றை அழியுங்கள். இடம் போதவில்லை என்றால் மிகப் பழையது ஒன்றை முன்பே அழிக்கலாம். டைம்ஷிஃப்டில் இருக்கும் டெலீட் பொத்தானிலேயே அழியுங்கள், ஃபைல் மேனேஜரில் நுழைந்து ஃபோல்டரைத் தூக்க வேண்டாம். ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரம் எடுக்கும். கோப்புகளைப் பகிர்வதால் ஒன்றிரண்டை அழித்ததும் இடம் பெரிதாக அதிகரிக்காது. தொடர்ந்து அழியுங்கள்.

உங்கள் கோப்புகளுக்குத் தனி பேக்கப் வேண்டும். மின்ட்டிலேயே பேக்கப் டூல் இருக்கிறது. அதை வேறொரு டிஸ்கில் எடுங்கள். ஒரே எஸ்எஸ்டியில் எடுத்து வைத்தால், எஸ்எஸ்டி செத்துப்போகும் அன்று இரண்டும் சேர்ந்துதான் போகும்.

மலர் டிடிபி:
செய்தாயிற்று. பாதிக்கு மேல் காலி! அழித்த ஸ்கேன்கள் உள்ளேயே இருந்தன என்பதுதான் மனதை உறுத்துகிறது. வருகிறவர்களிடம் இனிமேல் உண்மையாகச் சொல்லலாம்.

ஒரு கேள்வி மட்டும். டைம்ஷிஃப்டையே வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றலாமா? என்னிடம் இருப்பது விண்டோஸில் பயன்படுத்தியது.

கதிர்:
மாற்றலாம் அக்கா. ஆனால் விண்டோஸ் டிஸ்குகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் அது வேலை செய்யாது, இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் ஃபார்மட் வேண்டும். உள்ளே இருப்பதை வேறெங்காவது நகலெடுத்துவிட்டு டிஸ்க்ஸ் செயலியில் ஃபார்மட் செய்யுங்கள். எந்த டிஸ்க் என்று அளவையும் பெயரையும் இரண்டு தடவை பார்த்த பிறகு பொத்தானை அழுத்துங்கள்.