உப்புக்காற்று வீட்டு ஹாலில் பிசியா, கன்சோலா?

மண்டபத்திலிருந்து:

எங்கள் வீடு மண்டபத்தில், தென்கடல் பக்கம். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஹாலில் கேம் விளையாட பிசி வாங்கலாமா, கன்சோல் (டிவியில் இணைத்து விளையாடுகிற கேம் மெஷின்) வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற தம்பிகள் எல்லாரும் கிராபிக்ஸ், பிரேம் ரேட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் கரையில் அந்தப் பேச்சு இரண்டாவதுதான். முதலில் காற்று, அப்புறம் கரண்ட், அப்புறம் ஹாலில் யார் யார் உட்காருகிறார்கள் என்பது. இரண்டையும் வாங்கிப் பார்த்தவன் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2022 கடைசியில் பிசி கட்டினேன். அந்த செப்டம்பரில் எத்திரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்து எடுக்கிற முறை நின்றுபோனதால் கார்டு விலை இறங்கியிருந்தது. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. முன்பக்கம் முழுக்க வலை வைத்த கேபினட், முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், அது உண்மைதான். 43 இன்ச் டிவியில் இணைத்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த ஷோகேஸில் வைத்தேன். படம் அற்புதமாக இருந்தது. அதில் எனக்கு இன்றுவரை எந்தக் குறையும் இல்லை.

ஆனால் ஹால் என்பது எனக்கு மட்டும் சொந்தமானதா? கீபோர்டைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, மவுஸைச் சோபாக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அம்மா சீரியல் பார்க்க வந்தால் திரையில் விண்டோஸ் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கும். "இத எப்படிப்பா மாத்துறது?" என்று என்னைக் கூப்பிடுவார். நான் கடையில் இருந்தால் அன்று சீரியல் கிடையாது. எச்டிஎம்ஐ வயர் வழியாகவே டிவியை எழுப்புகிற, அணைக்கிற வசதி பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லை. கன்சோலில் இருக்கிறது. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2024 ஆடி மாதம் ஒரு சாயங்காலம் பிசியை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. பைக்கில் வைத்துக் கட்டி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் செய்கிற அண்ணன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை வைத்தார், ஸ்க்ரூவின் தலை பொரிந்து தூளாக உதிர்ந்தது. உள்ளே ரேமை உருவி வெளிச்சத்தில் காட்டினார். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தன. பள்ளிக்கூடப் பையன்கள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரை எடுத்து அந்தப் பற்களை அழுத்தித் தேய்த்தார். மேஜையில் விழுந்த ரப்பர்த் துகள் எல்லாம் கறுப்பாக இருந்தது. ஒருமுறை படம் வந்தது, பத்து நிமிஷத்தில் போய்விட்டது. பின்பக்கம் ஆடியோ வயர் சொருகுகிற இடத்தில் போர்டிலேயே அரிப்பு ஓடியிருந்தது. "தம்பி, இது சூட்டுல போகல. உப்பு" என்றார்.

அவர் விளக்கியது மனதில் நின்றுவிட்டது. சமையலறையில் உப்பு ஜாடி திறந்து கிடந்தால் உப்பு தானே நசநசத்துப் போகிறதே, அதே கதைதான். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் ராத்திரி நேரம் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நான்கு ஃபேன் வைத்து நானே கடல் காற்றை உள்ளே இழுத்து, உப்புத் தூளைப் போர்டில் படிய வைத்து, ராத்திரி மெஷினை அணைத்ததும் அது நீர் விட்டு ஊறுகிறது. அந்தக் கேபினட் கோயம்புத்தூருக்கு நல்ல கேபினட்டாக இருக்கலாம். கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே அது ஆகாது.

பாம்பன் பாலத்தை நினைத்துக்கொண்டேன். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று எவ்வளவோ ஏற்பாடு. ரயில் பாலத்துக்கே அப்படி என்றால் நம் வீட்டு மதர்போர்டு எம்மாத்திரம்!

அதற்கப்புறம்தான் சோனியின் கன்சோலான பிஎஸ்5 ஸ்லிம், டிஸ்க் போடுகிற மாடல், 54,990 ரூபாய்க்கு வாங்கினேன். கன்சோலுக்கு உப்பு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவே மாட்டேன். அதற்குள்ளும் ஃபேன் இருக்கிறது, அதுவும் இதே காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் சின்னது, ஒரே ஃபேன், தூக்கி இடம் மாற்றலாம். இந்த முறை டிவியையே கடல் பக்கச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். விளையாடும்போது மூடிய அலமாரிக்குள் வைப்பதில்லை. அணைத்துச் சூடு ஆறிய பிறகு பருத்தித் துணி போட்டு மூடுவேன். விளையாடாத நாளிலும் ஒரு மணி நேரம் அதிலேயே யூடியூப் ஓடவிடுவேன், உள்ளே காய்ந்து இருக்கட்டும் என்று.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். என் பிசியில் கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். மற்றதையும் டிவியையும் சேர்த்தால் 600 விஏ யுபிஎஸ் கீச் கீச் என்று கத்திவிட்டு அணைந்துவிடும், ஏனென்றால் அந்த யுபிஎஸ் கொடுப்பதே 360 வாட் மாதிரிதான். கன்சோல் பெரிய கேம் ஓடும்போது 200 வாட் பக்கம் நிற்கிறது. வீட்டு இன்வெர்ட்டரிலேயே டிவியும் அதுவும் ஓடுகின்றன. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கிற சுவிட்சை யுபிஎஸ் என்கிற பக்கம் தள்ளி வையுங்கள், அப்போதுதான் கரண்ட் போகிற நொடியில் மெஷின் அணையாமல் மாறும். அதைத் தள்ளாமல் விட்டதால் இரண்டு மாதம், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பிறகு "சரியாக அணைக்கவில்லை, ஸ்டோரேஜைச் சரிபார்க்கிறேன்" என்கிற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் என் மனதை மாற்றியது தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மச்சான் வீட்டில்தான் இருப்பார். பிசி இருந்தபோது ஒரு தடவைகூட அதன் பக்கம் வந்ததில்லை, கீபோர்டு அவருக்குத் தோது இல்லை. கன்ட்ரோலரைக் கையில் கொடுத்ததும் நிலைமை மாறிவிட்டது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கட்டை விரல் அந்த ஸ்டிக்கில் முதல் நாள் வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்றாம் நாள் ஃபுட்பால் கேமில் எனக்கே இரண்டு கோல் போட்டார். கார் ரேஸ் என்றால் வளைவில் சுக்கான் பிடிக்கிற மாதிரி உடம்பையே சாய்ப்பார். மச்சானுடைய பசங்கள் இரண்டு பேர், தங்கச்சி, நான், சில ராத்திரி பக்கத்து வீட்டு அண்ணன். தோற்றவர் கன்ட்ரோலரைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அம்மா ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சீரியல் வந்துவிடுகிறது.

ஒன்று மறந்துவிட்டேன். டிவியில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துப் பந்து நகர்ந்தால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் டிவியைப் பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் வீட்டில் கன்சோல் துபாயிலிருந்து வந்தது. 2023 லீவுக்கு வந்தபோது பிள்ளைகளின் அத்தா கொண்டுவந்தார். இந்தக் கரையில் பாதி வீட்டில் இப்படித்தான் வருகிறது என்பதால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பிளக் அங்குள்ள மூன்று கட்டைக்கால் பிளக். அதற்காக அடாப்டர் மேல் அடாப்டர் போடாதீர்கள். பழைய ரேடியோவுக்கு வருகிற எட்டு வடிவ வயர்தான் பின்னால் சொருகுவது, நம் ஊர் பிளக் உள்ள வயர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. வோல்டேஜ் பிரச்சினை இல்லை, 100 முதல் 240 வரை ஏற்கும். வாரண்டிதான் இங்கே செல்லாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தலைவலி, கன்சோலில் திறக்கிற அக்கவுண்ட். அவர் அங்கேயே அமீரகத்து அக்கவுண்ட் திறந்து கொடுத்துவிட்டார். டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடுகிறது. ஆனால் கேமுக்குள் கூடுதலாக வாங்குகிற பகுதி, டிஸ்க்கும் அக்கவுண்டும் ஒரே பகுதியாக இருந்தால்தான் ஒட்டும். என் மகன் தன் பெருநாள் காசில் ராமநாதபுரத்தில் டிஸ்க் வாங்கினான். அதற்குக் கூடுதல் டீம் வாங்கியது அமீரகத்து அக்கவுண்டில். சேரவே இல்லை. அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அக்கவுண்டின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. இங்கே விளையாடப் போகிறவர்களுக்கு முதல் நாளே இந்திய அக்கவுண்ட் திறந்துவிடுங்கள்.

பிசி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் வேறு. பிள்ளைகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஹாலில் இருந்தால் என் கண் முன்னால் இருக்கும். பிள்ளைகளின் அக்கவுண்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று பெரியவர்கள் வைக்கலாம், போனிலிருந்தே மாற்றலாம். அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டேன். நேரம் முடியப்போகிறது என்று திரையில் வந்ததும் சின்னவள் அத்தாவுக்கு வீடியோ கால் போடுவாள். ஹோம்வொர்க் நோட்டைக் காட்டச் சொல்வார். காட்டினால் அரைமணி நேரம் கூட்டிக் கொடுப்பார். வாரத்தில் நான்கு நாள் அவரோடு பேசுவதே இதை வைத்துத்தான்.

ராமநாதபுரத்திலிருந்து:

மண்டபம் அண்ணனுக்கு ஒரு மறுப்பு. அவர் வீட்டுக்குக் கன்சோல் சரி, ஆனால் பிசியை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டியதில்லை. எனக்கு அதில்தான் படிப்பு, வீடியோ எடிட்டிங், கல்யாண ஆல்பம் வேலை எல்லாம். மாசம் கொஞ்சம் சம்பாதிக்கவும் செய்கிறது. 55,000 ரூபாயைக் கேமுக்கு மட்டும் போட என்னால் முடியாது. பிசி கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் ரூபாயிலேயே விலை, சேல் வரும்போது பழைய கேம்கள் டீ, பஜ்ஜி காசுக்குக் கிடைக்கும். ஆன்லைனில் நண்பர்களோடு விளையாடத் தனிச் சந்தா கிடையாது. கன்சோலில் காசு கொடுத்து வாங்குகிற கேமுக்கு அந்தச் சந்தாவும் கட்ட வேண்டும்.

காத்திருக்கத் தெரிய வேண்டும், அதுதான் விலை. ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். காட் ஆஃப் வார் 2018-ல் வந்தது, பிசிக்கு 2022 ஜனவரியில். நான் காத்திருப்பவன்.

ஹாலுக்கு என்ன செய்கிறேன் என்றால், பிசி உள் அறையிலேயே இருக்கிறது, ஜன்னல் சாத்திய அறை. ஹாலில் இருக்கிற ஆண்ட்ராய்டு டிவியில் பிசியில் ஓடுகிற கேமை டிவிக்குக் கொண்டுவருகிற ஸ்டீம் லிங்க் ஆப் போட்டு, ரௌட்டரிலிருந்து லேன் வயர் இழுத்துவிட்டேன். வைஃபையில் முயன்றபோது படம் கட்டம் கட்டமாக உடைந்தது, வயரில் சுத்தமாக வருகிறது. துப்பாக்கி கேமுக்கு இது தோதுப்படாது. கதை கேம், கிரிக்கெட் எல்லாம் தாராளம்.

டவுன்லோடு பற்றி யாரும் சொல்லவில்லையே? 100 ஜிபி கேம் 40 எம்பிபிஎஸ் லைனில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நடுவில் கரண்ட் போனால் ரௌட்டரும் போகும். வீட்டில் ஃபைபர் இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிறவர்கள் பிசி பக்கம் வர வேண்டாம், டிஸ்க் போடுகிற கன்சோலை வாங்குங்கள். டிஸ்க்கை விளையாடி முடித்து விற்கவும் செய்யலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து, சர்வீஸ் வேலை செய்பவர்:

என் மேஜைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன். தினமும் ஓடுகிற மெஷின் குறைவாக வருகிறது. பரீட்சை என்று மூன்று மாதம் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண் மேல் போட்டது அதிகம் வருகிறது, பிசியானாலும் கன்சோலானாலும்.

அடுத்தது எர்த். கரையோரத்தில் எர்த் கம்பி துருப்பிடித்து மண்ணுக்குள் அறுந்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று எறும்பு கடித்த மாதிரி இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் டிவியும் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ வயரை உருவிச் சொருகினால் அந்த வயர் சொருகுகிற போர்ட் போய்விடும். நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டையும் சுவரிலேயே அணைத்துவிட்டு வயரைத் தொடுங்கள். வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தச் செலவு ஒரு டிஸ்க் விலைதான் வரும்.

சுத்தம் செய்யத் தண்ணீர்த் துணி வேண்டாம். உப்பைக் கரைத்து உள்ளே அனுப்புவதுதான் நடக்கும். புளோயர், பிரஷ், போர்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பிஎஸ்5-ல் பக்க மூடியைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே துளை விட்டிருக்கிறார்கள், அதை வேக்குவத்தால் இழுங்கள். எங்கள் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

மறுபடியும் மண்டபத்திலிருந்து:

தங்கச்சிமடம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எர்த்தைத் தோண்டிப் பார்த்தேன். கம்பி கையோடு வந்தது. மாற்றியாகிவிட்டது.

ராமநாதபுரம் தம்பி, பிசியை நான் தூக்கிப் போடவில்லை. போர்டு மட்டும் மாற்றி, வலை இல்லாத பழைய கேபினட்டில் தங்கச்சி அறையில் வைத்திருக்கிறேன். அதே 3060 இன்னும் நன்றாகவே ஓடுகிறது, அவள் கல்லூரி புராஜெக்டுக்கு அதுதான். உன் லேன் வயர் யோசனையை வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன். எத்தனை மீட்டர் வாங்கினாய், கதவு நிலையில் துளை போட்டாயா என்று எழுது.

ஏப்ரல் 15-க்கு முன்னால் மூன்றாவது கன்ட்ரோலர் ஒன்று வாங்க வேண்டும். மச்சான் பாதிக் காசு கொடுத்துவிட்டார்.