வேர்கள் நிறைந்த பாதையில் ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா? உங்கள் அனுபவம்

புக்கிட் பாஞ்சாங்வாசி:

2,500 வெள்ளிக்குள் எந்த மலை சைக்கிள் வாங்கலாம் என்று புதிதாக வந்த தம்பி கேட்டிருந்தார். முன்சக்கரத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள ஹார்ட்டெயில், பின்சக்கரத்திலும் அது உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் இரண்டையும் சிங்கப்பூர்ப் பாதைகளில் ஓட்டியிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

செஸ்ட்நட் பூங்கா என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள 8.2 கிலோமீட்டர் பாதையைப் பல ஆண்டுகளாக ஹார்ட்டெயிலில்தான் சுற்றினேன். அதில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும் அமுங்கும். பின்னால் வெறும் சட்டகம்தான். இறக்கத்தில் உடம்பை உலுக்கி எடுத்துவிடும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். இருக்கையை விட்டு எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி நின்றால் அந்த அதிர்வைக் கால்களே வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எனக்குப் புரிந்தது ஏற்றத்தில்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை புக்கிட் தீமா பாதைக்குப் போய்ப் பாருங்கள். மணிக்கட்டுப் பருமனில் வேர்கள் படிக்கட்டுப் போலக் குறுக்கே கிடக்கும். அவற்றின் மேல் மெல்லிய பாசி படர்ந்திருக்கும். ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் முதல் வேரில் மோதியதும் துள்ளும். துள்ளிய அந்தக் கணத்தில் டயருக்குத் தரைப் பிடிப்பு இல்லை, மிதி வெறுமனே சுற்றும். அடுத்த வேரில் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும், கால் ஊன்றியே ஆகவேண்டும். அதே ஏற்றத்தில் நண்பரின் ஃபுல் சஸ்பென்ஷனை ஓட்டினேன். பின்சக்கரம் ஒவ்வொரு வேரின் மேலும் ஏறி இறங்கி, மண்ணை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது. நான் இருக்கையிலிருந்து எழவே இல்லை.

இவ்வளவு சொல்லியும் தம்பிக்கு நான் பரிந்துரைப்பது ஹார்ட்டெயில்தான். பெருவிரைவு ரயிலில் மடிக்கும் சைக்கிளைத்தான் ஏற்றவிடுவார்கள். ஆகவே நம்மில் பலர் பூங்கா இணைப்புப் பாதை வழியாகத் தாரில் ஓட்டித்தான் காட்டுக்கே போகிறோம். அந்தத் தூரத்தில் எடை குறைந்த, மிதிக்கும்போது பின்னால் அமுங்காத சைக்கிளின் அருமை தெரியும். அடுத்தது பணம். ஒரே விலையில் இரண்டை வைத்துப் பார்த்தால், ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்கும் நல்ல பிரேக்கும் கிடைக்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் ஷாக் எனப்படும் பின் அதிர்வுதாங்கிக்கும், சட்டகத்தின் அசையும் இணைப்புகளுக்கும் போன பணம் போக மீதிதான் மற்ற பாகங்களுக்கு. மலிவான ஷாக் பொருத்திய ஃபுல் சஸ்பென்ஷனை வாங்கவே வாங்காதீர்கள். இதை அடித்துச் சொல்கிறேன்.

தெம்பனிஸ் அக்கா:

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் முதுகைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு இடுப்பு வட்டில் பிரச்சினை உண்டு. ஹார்ட்டெயிலில் ஒரு சுற்று முடித்தாலே மறுநாள் குனிய முடியாது. ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறிய பிறகுதான் புலாவ் உபின் தீவிலுள்ள கெத்தாம் மலை சைக்கிள் பூங்காவில் முழுக் காலைப்பொழுதும் ஓட்ட முடிகிறது. 2008இல் திறந்த அந்தப் பூங்காவில் நீலச் சதுரக் குறி போட்ட நடுத்தரப் பாதைக்கு ஹார்ட்டெயில் தாராளமாகப் போதும். கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான பாதைகளில் கல்லும் பள்ளமும் அடுத்தடுத்து வரும். அங்கே பின் ஷாக் இருப்பது பெரிய ஆறுதல். தீவுக்குப் போகச் சாங்கியில் படகில் ஏற்றும்போது அதன் எடை தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஷாக்கின் தண்டில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதைத் தண்டு உள்ளே நுழையும் இடத்திலுள்ள சீல் வரைக்கும் தள்ளிவிட்டு, தண்ணீர்ப் பையோடு சைக்கிளில் மெதுவாக ஏறி உட்கார்ந்து, குதிக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம் தண்டின் மொத்த அசைவில் 25 முதல் 30 சதவீதம் இருக்கவேண்டும். கூடுதலாக அமுங்கினால் ஷாக் பம்ப்பால் காற்று ஏற்றுங்கள், குறைவாக அமுங்கினால் இறக்குங்கள். இதைச் சரிபார்க்காமல் கடையில் கொடுத்தபடியே ஓட்டிவிட்டு, "ஃபுல் சஸ்பென்ஷன் தொளதொளவென்று இருக்கிறது" என்று விற்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது.

பராமரிப்பும் கூடும். ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஷாக்கின் காற்றறையைத் திறந்து சுத்தம் செய்து எண்ணெய் விடவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கும் செம்மண்ணுக்கும் இணைப்புகளில் உள்ள பேரிங்குகள் கிறீச்சிட ஆரம்பித்துவிடும். அழுத்தக் குழாயால் நேராக அடித்துக் கழுவாதீர்கள், வாளித் தண்ணீரும் தூரிகையும் போதும்.

ஈசூன் ஓட்டுநர்:

பந்தயத்துக்கு ஹார்ட்டெயில், சொகுசுக்கு ஃபுல் சஸ்பென்ஷன் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி ஃபுல் சஸ்பென்ஷனில் ஓட்டித்தான் தங்கம் வாங்கினார். ஹார்ட்டெயிலில் வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் ஒரே ஒரு வினாடி பின்தங்கி இரண்டாமிடம். அதே ஷூர்ட்டர் 2016இல் ரியோவில் ஃபுல் சஸ்பென்ஷனில் தங்கம் வென்றார்.

ஆனாலும் என் வாக்கு அண்ணனுக்கே. ஹார்ட்டெயில் வாங்கி, அதில் 2.4 அங்குல அகலமுள்ள டியூப்லெஸ் (உள் டியூப் இல்லாத) டயர் போட்டுக் காற்றைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வேரில் துள்ளுவது நன்றாகவே அடங்குகிறது. தம்பி, உங்கள் உயரத்தையும் எடையையும், வாரக் கடைசியில் எந்தப் பாதைக்கு அதிகம் போவீர்கள் என்பதையும் எழுதுங்கள். சட்டக அளவைப் பார்த்துச் சொல்கிறோம்.