உப்புச் சுரங்கச் சுவரில் சிவப்பு அடுக்கு: சில்வைட்டா, கார்னலைட்டா?

கேள்வி – அடுக்குப்பாறை

வணக்கம். நிலத்தடி உப்புச் சுரங்கம் ஒன்றின் சுவரில் எடுத்த மாதிரிகளை வகைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். படிவு பெர்மியன் காலத்தது (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்). அடியில் சாம்பல் நிற உப்பு. அதன் ஊடே சில சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. அதற்கு மேலே செங்கல் நிறத்தில் ஓர் அடுக்கு. அதை ஒட்டி, கண்ணாடி போன்ற உப்பில் கருநீலத் திட்டுகள்.

சிவப்பு மாதிரி மட்டும் மேலே வந்ததும் வியர்க்கிறது. டப்பாவின் அடியில் நீர் தேங்கி, அதில் சிவப்புப் பொடி படிகிறது. அதே மேசையில் சாம்பல் உப்பு உலர்ந்தே இருக்கிறது. நிறத்தை வைத்துச் சிவப்பைச் சில்வைட் (பொட்டாசியம் குளோரைடு) என்று பதிவேட்டில் குறித்திருக்கிறார்கள். சரியா? எக்ஸ்-கதிர் சோதனைக்கு அனுப்பும் முன் கையிலேயே உறுதிசெய்ய வழி உண்டா?

பதில் 1 – உவர்நீர்

நீங்கள் சொல்லும் வியர்வையே பாதி விடை. அது பெரும்பாலும் கார்னலைட். பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டின் குளோரைடும், கூடவே 6 நீர் மூலக்கூறும் சேர்ந்த கனிமம். காற்றின் ஈரப்பதம் 55–60% தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். ஹாலைட், அதாவது உங்கள் சாம்பல் உப்பான சோடியம் குளோரைடு, 75% வரை தாங்கும், சில்வைட் அதற்கும் மேலே 84% வரை. ஆகவே சாம்பல் உப்பு உலர்ந்திருக்கும் அறையில் சில்வைட்டும் உலர்ந்துதான் இருக்கும்.

டப்பாவின் அடியை நன்றாகப் பாருங்கள். கார்னலைட் சீராகக் கரையாது. மெக்னீசியம் குளோரைடு முதலில் கரைசலாக வெளியேறும். பொட்டாசியம் குளோரைடு நுண்ணிய வெண்படிகங்களாகப் பின்தங்கும். அதோடு கலந்து கிடக்கும் சிவப்புப் பொடி ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் செதில்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: ரொம்ப நாள் வியர்த்த மாதிரியை ஆய்வுக்கு அனுப்பினால் சில்வைட் என்றே முடிவு வரும், ஏனென்றால் அப்போது டப்பாவில் இருப்பது உண்மையிலேயே சில்வைட்தான். உடைத்தவுடன் கிடைக்கும் புதிய துண்டைத்தான் சோதிக்க வேண்டும்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஹெமடைட் எதில் புகுந்தாலும் சிவக்கும். பாலிஹாலைட் என்ற வேறொரு உப்புக் கனிமம்கூடச் செங்கல் நிறத்தில் வரும். சில்வைட்டில் சிவப்பு பெரும்பாலும் மணிகளின் விளிம்பில் ஒதுங்கி, நடுப்பகுதி பால் நிறமாக இருக்கும்.

கத்தி முனையால் அழுத்திப் பாருங்கள். ஹாலைட் கனசதுரமாகப் பிளக்கும், கீறினால் பொடியும். சில்வைட்டும் கனசதுரமாகத்தான் பிளக்கும். ஆனால் கத்திக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், பொடி குறைவு. கார்னலைட்டுக்குப் பிளவுத் தளமே கிடையாது. சங்கு வளைவாக உடையும், எஃகு அழுத்தும்போது கிரீச்சென்று ஒலிக்கும்.

உறுதியான சோதனை அடர்த்திதான். தண்ணீரில் நிறுக்க முடியாது என்பதால் மண்ணெண்ணெயில் நிறுங்கள். முதலில் 100 மி.லி. மண்ணெண்ணெயை எடைபோட்டு அதன் அடர்த்தியைக் கண்டுகொள்ளுங்கள், 0.80 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியை மெல்லிய நூலில் கட்டிக் காற்றில் ஒரு எடை, மூழ்கடித்து ஒரு எடை. காற்றில் 54 கிராம் இருக்கும் துண்டு மூழ்கியதும் 34 கிராம் காட்டினால், எடை இழப்பு 20. 54 × 0.80 ÷ 20 = 2.16, அதாவது ஹாலைட். அதே 54 கிராம் கார்னலைட் மூழ்கியதும் 27 கிராம்தான் காட்டும், அடர்த்தி 1.60. சில்வைட் 1.99. இவ்வளவு இடைவெளி இருப்பதால் சமையலறைத் தராசே போதும், 0.1 கிராம் காட்டினால் சரி.

தவறு வரும் இடம் இரண்டு. துண்டில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும்; நூலை லேசாகத் தட்டி விடுங்கள். இன்னொன்று, சிவப்பு அடுக்கு அநேகமாகக் கார்னலைட்டும் ஹாலைட்டும் கலந்த பாறையாக இருக்கும். கலப்புத் துண்டு 1.8, 1.9 என்று நடுவே நின்று குழப்பும். ஒரே மணியாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு துணுக்கை வாலைவடிநீரில் கரைத்து, வடிகட்டி, சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். பசைபோல வெண்படிவு இறங்கினால் மெக்னீசியம். சுத்தமான சில்வைட்டில் எதுவும் வராது.

பதில் 2 – கனசதுரம்

மேலே சொன்னது சரி. அடுக்கு வரிசையும் அதையேதான் சொல்கிறது. கடல்நீர் வற்றும்போது முதலில் கார்பனேட், பிறகு 3 முதல் 5 மடங்கு செறிவில் ஜிப்சம், 10 மடங்கைத் தாண்டியதும் ஹாலைட். பொட்டாசியம், மெக்னீசியம் உப்புகள் கடைசியாக, 60 மடங்குக்கும் மேல் செறிந்த பிறகுதான். அதனால் சாம்பல் உப்புக்கு மேலே கார்னலைட் வருவது இயல்பான வரிசை. கார்னலைட் முதன்முதலில் 1856இல் விவரிக்கப்பட்டதும் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் பகுதிப் பெர்மியன் படிவிலிருந்துதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உப்பு அழுத்தத்தில் பாகாக நகரக்கூடியது. குவிமாடமாக எழும்பிய படிவுகளில் அடுக்குகள் மடிந்து தலைகீழாகவும் கிடக்கும். அங்கே மேல், கீழ் என்று சொல்லும் முன் மடிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

கறுப்புக் கோடுகள் களிமண் கலந்த அன்ஹைட்ரைட்டாக (நீரற்ற கால்சியம் சல்ஃபேட்) இருக்கலாம். ஒரு துணுக்கைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஹாலைட்டின் முனைகள் மழுங்கும், அன்ஹைட்ரைட் அப்படியே இருக்கும். நகத்தால் கீற முடியாது. நீர்த்த அமிலத்தில் நுரைக்காது. நுரைத்தால் கார்பனேட் கலந்திருக்கிறது.

நீலம்தான் இதில் அழகான விஷயம். அந்தத் திட்டில் நீலச் சாயம் எதுவும் இல்லை. தண்ணீரில் கரைத்தால் நிறமற்ற கரைசல்தான் கிடைக்கும். பக்கத்திலுள்ள பொட்டாசியம் உப்பில் பொட்டாசியம்-40 கொஞ்சம் இருக்கிறது, அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டுகள். அதன் கதிர்வீச்சு ஹாலைட்டின் படிகச் சட்டகத்தைக் குலைத்து, குளோரின் விட்டுப்போன இடங்களில் எலக்ட்ரான்களைச் சிக்கவைக்கிறது. நாளடைவில் சோடியம் அணுக்கள் நுண்துகள்களாகத் திரண்டு நீலம் தருகின்றன. எனவே பொட்டாசியம் அடுக்கை ஒட்டி நீலம் தெரிவதில் வியப்பில்லை. சூடாக்கினால் நிறம் போய்விடும், ஆனால் நல்ல மாதிரியில் முயல வேண்டாம்: உள்ளே சிக்கிய நீர்த்துளிகள் விரிந்து படிகம் தெறிக்கும்.

அடுக்குப்பாறை

இருவருக்கும் மிக்க நன்றி. புதிதாக உடைத்த துண்டு மண்ணெண்ணெயில் 1.63 காட்டியது, பதிவேட்டைத் திருத்தச் சொல்லிவிட்டேன். மாதிரிகளை எப்படிப் பாதுகாப்பது? இன்னொன்று, அந்தச் சிவப்பு அடுக்குக்கு அருகே கூரையில் சொட்டு விழுகிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில் 3 – தூணும் கூரையும்

பாதுகாப்பு எளிது. ஹாலைட்டை நிறைகரைசலில் தோய்த்த தூரிகையால் துடைத்து, உடனே நீரற்ற ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகா டப்பாவில் வைக்கலாம். கார்னலைட்டுக்கு ஆல்கஹால் கூடாது, அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடை அது பிரித்தெடுக்கும். திரவ பாரஃபினில் மூழ்க வைத்துவிடுங்கள். மேலே வார்னிஷ் பூசும் பழக்கம் வேண்டாம்; உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே வேலைசெய்யும்.

சொட்டுதான் முக்கியம். அடர்த்திமானியால் அளந்துவிடுங்கள். சோடியம் குளோரைடு நிறைகரைசல் சுமார் 1.20 காட்டும். 1.25க்கு மேல் போனால் அதில் மெக்னீசியம் நிறைய. பாறைக்குள் பழங்காலம் தொட்டுச் சிக்கிய உவர்நீராக இருக்கலாம், அது பொதுவாகத் தானே குறைந்து நின்றுவிடும். 1.20க்குக் கீழே என்றால் அந்த நீருக்கு இன்னும் உப்பைத் தின்னும் பசி இருக்கிறது. ஒரு கன மீட்டர் நன்னீர் சுமார் 360 கிலோ உப்பைக் கரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 165 லிட்டர் வெற்றிடம். வழி அகல அகல நீர் கூடும். கார்னலைட் அடுக்கு இன்னும் வேகமாகக் கரைவதால் அங்கே ஆபத்து அதிகம். 1994இல் நியூயார்க் மாநிலத்து ரெட்சாஃப் சுரங்கத்தில் கூரை இடிந்து நிலத்தடி நீர் உள்ளே புகுந்தபின், சுரங்கம் முழுவதையும் இழக்க வேண்டியதாயிற்று.

வெயில்காலமாக இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து படிந்த நீராகவும் இருக்கலாம். அப்படியானால் காற்று நுழையும் பாதை நெடுகச் சுவர் பரவலாக நனைந்திருக்கும், ஓரிடத்தில் மட்டும் சொட்டாது.

எடைபோட்ட ஹாலைட் கட்டி ஒன்றைச் சொட்டுக்கு அடியில் வைத்து, மறுநாள் துடைத்து மீண்டும் நிறுங்கள். எடை குறைந்தால் நீர் நிறைவுறவில்லை. சொட்டின் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளவுக்குடுவையில் பிடித்து, அடர்த்தியையும் சேர்த்து எழுதுங்கள். அளவு கூடிக்கொண்டே போக, அடர்த்தி இறங்கிக்கொண்டே வந்தால், அன்றே சுரங்கப் பாதுகாப்புப் பொறியாளரிடம் சொல்லி அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும்.