2005 ஷாத்தோ பால்மேர் ஒயின் பாட்டில்: திறக்கும் முன் ஒரு உதவி வேண்டும்

நண்பர்களே, பாரிசில் எங்கள் கட்டடத்தில் இருந்த பெரியவர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததற்கு நன்றியாக என் மனைவியிடம் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார், ஷாத்தோ பால்மேர் 2005. அப்போது எனக்கு அதன் அருமை தெரியாது. சமையலறை அலமாரியில் நிற்க வைத்தே நாலு வருடம் ஓடிவிட்டது.

இப்போதுதான் படித்துப் பார்க்கிறேன். பிரான்சின் போர்தோ ஒயின் வட்டாரத்தில் மார்கோ பகுதித் திராட்சைத் தோட்டம், அங்குள்ள தோட்டங்களுக்கு 1855-ல் போட்ட தரவரிசையில் மூன்றாம் தரம், ஆனாலும் பல வருடங்களில் முதல் தரத்தோடு போட்டி போடும் என்கிறார்கள். மார்கோ அடங்கிய மெதோக் பக்கம் காபெர்நே சோவின்யோன் என்ற திராட்சை வகைதான் ஓங்கி நிற்கும், இவர்கள் மெர்லோ வகையையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கலந்து, கொஞ்சம் பெத்தி வெர்தோ வகையும் சேர்க்கிறார்கள். 2005 போர்தோவுக்கு மிக நல்ல வருடம் வேறு.

நிற்க வைத்ததால் ஒயின் படாமல் தக்கை காய்ந்திருக்குமோ என்பதுதான் என் பெரிய கவலை. கசிவு இல்லை, ஒயின் மட்டமும் கழுத்து வரை இருக்கிறது. இனிமேல் படுக்க வைப்பதில் பயன் உண்டா? பழைய தக்கை உடையாமல் எடுக்க இரண்டு தகடு உள்ள திறப்பான்தான் நல்லதா? வண்டலைப் பிரித்து வேறு குடுவைக்கு ஊற்றினால் எவ்வளவு நேரம் வைக்கலாம்?

அப்புறம், அடுத்த மாதம் எங்கள் இருபதாவது திருமண நாள். மனைவி ஆட்டுக்கறிக் குழம்பு வைக்க ஆசைப்படுகிறாள், காரம் இந்த ஒயினை அமுக்கிவிடுமா? மிளகு மட்டும் போட்டு வறுத்தால் சரியாக வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.