சுடுதண்ணீர் லைனுக்கு வால்வு தேடி அலைந்த கதை

லவ்டேலிலிருந்து:

டிசம்பர் கடைசியில் இங்கே காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. விறகு அடுப்பின் முதுகில் தண்ணீர் ஓடும் ஒரு பெட்டியை வெல்டிங் வைத்து, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூன்று அறைக்கு இழுத்துவிடலாம் என்று இறங்கினேன். அடுப்பு வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. வால்வுக்கு மூன்று மாதம் ஆனது.

ஊட்டிக் கடைகளில் ‘ஹீட்டிங் வால்வு’ என்று கேட்டதுதான் முதல் தப்பு. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொன்ன விலைக்கு இன்னொரு ரேடியேட்டரே வாங்கலாம். சரி என்று, சிகாகோவிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகனிடம் ஆறு வால்வு வாங்கி வரச் சொன்னேன். அரை இன்ச், பளபளவென்று பித்தளை. பிளம்பர் மாட்டினார், மூன்று சுற்று நன்றாகவே ஏறியது, அப்புறம் இறுகிக்கொண்டது. பச்சைத் தண்ணீருக்கு ஒழுகவில்லை. அடுப்பு மூட்டிய அரை மணியில் ஆறும் சொட்ட ஆரம்பித்தன. இரண்டு ஊர் மரைக்கும் இன்ச்சுக்கு 14 புரிதான், ஆனால் புரியின் கோணம் நம்முடையது 55 டிகிரி, அமெரிக்காக்காரர்களுடையது 60. எத்தனை டெஃப்லான் டேப் சுற்றினாலும் அது சேராது.

கடைசியில் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். “எதுக்குங்க, டையிங்குக்கா?” என்றார் கடைக்காரர். அந்தக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் நீராவிக்கு ஓடிய குளோப் வால்வுகள் அங்கே எடைக்குக் கிடைக்கின்றன. நீராவியைத் தாங்கியதற்கு நம் வீட்டுச் சுடுதண்ணீர் எம்மாத்திரம்? நான்கு பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் மூடி வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். ஒன்றில் காற்று கசிந்தது, திருப்பிக் கொடுத்தேன். மீதி மூன்றுக்கும் வீட்டில் கைப்பிடித் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் பழைய கிளாண்ட் கயிற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினேன், அவ்வளவுதான் செலவு. அறைக்கு எவ்வளவு சூடு என்று கூட்டிக் குறைக்க குளோப் வால்வுதான் சரி. திறக்கவும் மூடவும் மட்டும் என்றால் உள்ளே உருண்டை திரும்பும் சாதா பித்தளை ‘பால்’ வால்வு போதும், அந்த உருண்டை உட்காரும் சீட் டெஃப்லானா என்று மட்டும் கேளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:

வால்வில் மிச்சம் பிடிப்பது சரி, ஆனால் விறகு அடுப்பு என்பதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் மேலே ஒரு திறந்த தொட்டி, அடுப்பில் கொதித்துப் பொங்குவது அதற்குப் போக ஒரு வென்ட் பைப். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பிளம்பர் அதில் ஒரு கேட் வால்வைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். யாரோ அதை மூடியும் வைத்திருந்தார்கள். மழையில் கரண்ட் போய் பம்ப் நின்றது. சீகை விறகு எரிவது நிற்குமா? அடுப்புக்குள் கடகடவென்று லாரி ஏறுகிற மாதிரி சத்தம். ஓடிப்போய்த் திறந்தோம், கொதிநீர் தொட்டிக்குப் பொங்கியது. அந்த பைப்பில் எந்த வால்வும் கூடாதுங்க. அழுத்தம் ஏறினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வைப் பழசில் தேடவும் வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து:

நான் செலவைக் குறைக்கிறேன் என்று அடுப்பை ஒட்டியே வெள்ளை பிவிசி போட்டேன். இரண்டே நாளில் தூளி மாதிரி தொங்கியது. இப்போது அடுப்பிலிருந்து முதல் பத்தடி ஜிஐ என்கிற துத்தநாகம் பூசிய இரும்பு பைப், அதற்கப்புறம் சுடுதண்ணீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக். ஒரு சந்தேகம் அண்ணா, பழைய வால்வில் பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

லவ்டேலிலிருந்து:

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன் தம்பி. கைப்பிடியில் ஒட்டினால் கவலையில்லை, அது இரும்புதான். வால்வின் உடம்பில் ஒட்டினால் திருப்பி வைத்துவிடு. ஒட்டாவிட்டாலும் அடிப்பக்கம் சாவியால் ஒரு கீறல் போட்டுப் பார், மஞ்சள் தெரிய வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகக் கலப்பு. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.